செக்கப் முடிஞ்சு சீட்டும் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் யார் பொறுப்பு?

எட்டாம்_வகுப்பு_டீச்சர் | 4 நவம்பர், இரவு 9.12

தர்மபுரி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில வேலை பார்க்கிறேன். ஊர் பேரு வேண்டாம். ஆகஸ்ட் மாசம் ஆர்.பி.எஸ்.கே. வண்டி (பிள்ளைங்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை பண்ற அரசாங்கக் குழு) வந்துச்சு. ரெண்டு நாள்ல மொத்தப் பள்ளிக்கூடத்தையும் பார்த்து முடிச்சாங்க. அவங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, பொறுமையாத்தான் பார்த்தாங்க. என் வகுப்புல 38 பிள்ளைங்க, அதுல 11 பேருக்கு ரெஃபரல் சீட்டு, அதாவது ஆஸ்பத்திரியில போய்க் காட்டணும்னு எழுதித் தர்றது. கண்ணு 6, பல்லு 2, ரத்தம் கம்மி 2. ஒரு பையனுக்கு நெஞ்சுல சத்தம் கேக்குது, ஜி.எச். போகணும்னு எழுதியிருந்தாங்க.

நேத்து வடிவியல் பாடம். காம்பஸை எடுங்கன்னு சொன்னதும் மூணாவது பெஞ்சுல ஒருத்தி பாக்ஸைத் திறந்தா, உள்ள நாலா மடிச்ச காகிதம். பென்சில் கரி ஒட்டி மடிப்பெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா அந்த ஆகஸ்ட் சீட்டு. "ஏம்மா போகல?"ன்னு கேட்டேன். "அப்பா பெங்களூருல இருக்காரு மிஸ், அம்மா களைக்குப் போவுது"ன்னா. மத்தவங்களையும் விசாரிச்சேன். 11 பேர்ல 3 பேர்தான் போயிருக்காங்க. நெஞ்சுச் சத்தப் பையன் போகவே இல்ல.

என் கேள்வி ஒண்ணுதான். சீட்டு எழுதினதோட அவங்க வேலை முடிஞ்சுது, சீட்டைப் பிள்ளை கையில குடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. அப்புறம்? உங்க ஊர்ல எப்படி நடக்குது?

---

கணக்கு_பார்ப்போம் | 4 நவம்பர், இரவு 9.58

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வண்டி பள்ளி வாசலுக்கே வருது, டாக்டர் இலவசம், ஜி.எச். இலவசம். ஏதாவது பெருசா வந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் காப்பீடு. டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. இதுக்கு மேலயும் பெத்தவங்க போகலன்னா அது அவங்க அலட்சியம். அரசாங்கம் வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?

---

மூணு_பொண்ணு_அம்மா | 4 நவம்பர், இரவு 10.20

@கணக்கு_பார்ப்போம், எங்க ஊருக்கு டவுன் பஸ் காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, சாயந்திரம் அஞ்சரைக்கு ஒண்ணு. ஜி.எச்.ல ஓ.பி. சீட்டு வாங்க வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொண்ணு. மதியத்துக்குள்ள முடியாது. முடிஞ்சாலும் சாயந்திரம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருக்கணும். அன்னிக்குக் களைக்கூலி போச்சு. கூட வர்ற பிள்ளைக்கு இட்லி வாங்கித் தரணும், அழுதா ஒரு சிப்ஸ் பாக்கெட். போன தடவை நடுப்பொண்ணு கண்ணுக்குப் போனப்போ, இன்னிக்குக் கண் டாக்டர் கேம்ப் போயிட்டாரு, வியாழக்கிழமை வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை நான் போகல. அது அலட்சியம்னா, ஆமா, அலட்சியம்தான்.

---

நடமாடும்_ஃபார்மசிஸ்ட் | 4 நவம்பர், இரவு 11.05

நான் அந்த வண்டியில போறவன்தான் (வேற மாவட்டம்). ஒப்பந்தப் பணி, எட்டு வருஷமா ஓடுது. உள்ளே இருந்து சொல்றேன்.

2013-ல திட்டம் வந்துச்சு. பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பார்க்கணும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம், இப்படி நாலு தலைப்புல 30 சொச்சம் பிரச்சனைகளைத் தேடுறோம். எங்க ப்ளாக்குக்கு ரெண்டு குழு. அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு நூறு நூத்தி இருபது பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க. நூறு பேரை ஆறு மணி நேரத்துல பார்த்தா ஒருத்தருக்கு எத்தனை நிமிஷம்னு கணக்குக்காரரே போட்டுப் பார்க்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயம். மாலையில நாங்க அனுப்புற ரிப்போர்ட்ல எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேரை அனுப்பினோம்னு ரெண்டு கட்டம் இருக்கு. மீட்டிங்ல கேக்குறதும் அந்த ரெண்டைத்தான். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தாங்க, எத்தனை பேருக்குச் சரியாச்சுன்னு கட்டம் இல்லாம இல்ல, இருக்கு. ஆனா இதயம், உதட்டுப்பிளவு, வளைபாதம் மாதிரி ஆபரேஷன் கேஸுக்குத்தான் ஒவ்வொரு பேரா துருவுவாங்க. அதையெல்லாம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (நாங்க அனுப்புற பிள்ளைங்களைப் பார்க்கிற இடம்) வரைக்கும் நாங்களே கூட்டிட்டுப் போன கதை நிறைய உண்டு. கண்ணாடி, சொத்தைப் பல்லு, ஹெச்.பி. 9 (ரத்தம் கம்மி), இதையெல்லாம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எண்ணிக்கையில பார்த்தா பிள்ளைங்களுக்கு இருக்குற பிரச்சனையில முக்காவாசி அதுதான்.

டீச்சர், அந்த நெஞ்சுச் சத்தப் பையனை மட்டும் தள்ளிப் போடாதீங்க. பல சமயம் ஒண்ணும் இருக்காது, வளர்ற பிள்ளைங்களுக்குச் சும்மாவே கேக்கும். ஆனா எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காம அதைச் சொல்ல முடியாது.

---

பிஜி_சமூகமருத்துவம் | 5 நவம்பர், காலை 7.31

சமூக மருத்துவம் முதுநிலை படிக்கிறேன். "5 லட்சம் இருக்கே" என்ற வாதத்துக்கு மட்டும் பதில்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடாகத் தொடங்கியது. அது அடிப்படையில் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கும், சில பெரிய பரிசோதனைகளுக்கும் உரியது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு அது உயிர் காக்கும் அட்டை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்ணின் மைனஸ் 1.5 பவர் கண்ணாடிக்கு அந்த அட்டையை எங்கே நீட்டுவது? அவளை யாரும் படுக்கையில் சேர்க்கப் போவதில்லை.

அனைவருக்கும் நலவாழ்வு என்று பேசும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். யார் யாருக்குக் கிடைக்கிறது, என்னென்ன சேவை கிடைக்கிறது, கிடைக்கும்போது கைக்காசு எவ்வளவு போகிறது. அட்டை முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பாதிதான். இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14ல் 64.2 சதவீதம், 2021-22ல் 39.4 சதவீதம். பெரிய இறக்கம்தான். மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு புறநோயாளிச் செலவும் மருந்தும். அட்டை தொடாத இடம் அது. களைக்கூலியும் இட்லியும் அந்த 39.4க்குள்கூட வராது என்பதை @மூணு_பொண்ணு_அம்மா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், எங்கள் வகுப்பில் நானே எழுப்பிய சந்தேகம். நாடுகளின் நலவாழ்வுச் சேவையை அளக்க உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய சுட்டியில் 14 குறியீடுகள். கர்ப்பிணிப் பரிசோதனை, கைக்குழந்தைத் தடுப்பூசி, ஐந்து வயதுக்குள் நிமோனியா சிகிச்சை, காசநோய், எச்.ஐ.வி., ரத்த அழுத்தம், சர்க்கரை என்று போகும். ஐந்து வயதைத் தாண்டிய, இன்னும் கர்ப்பமாகாத, பி.பி. வராத ஒரு பிள்ளை அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பாருங்கள். எண்ணுகிறவர்களுக்கு அவள் கண்ணில் படுவதில்லை. நம் ஃபார்மசிஸ்ட் அண்ணன் சொன்ன இரண்டு கட்டக் கதைதான், உலக அளவில்.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | 5 நவம்பர், காலை 8.02

எல்லாரும் டீச்சரைப் பார்த்துக் கை காட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. எங்க பள்ளியில வாராவாரம் நீல மாத்திரை (இரும்புச் சத்து) போட வைக்கணும், பதிவேடு எழுதணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பூச்சி மாத்திரை, அதுக்குத் தனிப் பதிவேடு. நாப்கின் வாங்கி விநியோகம். எமிஸ்ல (பள்ளித் தகவல் இணையதளம்) ஒவ்வொரு பிள்ளைக்கும் உடல்நலக் கேள்விகள். பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர் நலத் தூதர்னு 2020-ல ஒரு திட்டம் வந்துச்சு, 11 தலைப்புல வாரம் ஒரு வகுப்பு. எல்லாம் நல்ல திட்டம். நடுவுல பிளஸ் டூ பிராக்டிகலையும் நான்தான் எடுக்கணும்.

சீட்டு குடுத்த பிள்ளை போச்சான்னு பார்க்கிறதும் வாத்தியார் தலையிலன்னா, அதுக்கும் ஒரு பதிவேடு வரும். பதிவேடுதான் வரும்.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர் | 5 நவம்பர், மாலை 6.44

@கெமிஸ்ட்ரி_வாத்தியார் சார் சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா கண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அது ஆசிரியர் கையில ஆரம்பிக்கிற விஷயம். எங்களுக்கு ஒரு ஈ சார்ட் (இங்கிலீஷ் E எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட பார்வை அட்டை) குடுத்திருக்காங்க. ஆறு மீட்டர் தள்ளி நிக்க வைச்சு, ஈ-யோட கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கையைக் காட்டச் சொல்லணும். நான் வராண்டாவுல கயிறு போட்டு ஆறு மீட்டரை அளந்து சாக்பீஸ்ல கோடு கிழிச்சேன்.

ஒருத்தி நல்லா டாண் டாண்னு சொன்னா. மேல, வலது, கீழ, கீழ. எனக்கு ஏதோ இடிச்சது. கரும்பலகையில எழுதினதைப் பக்கத்துல பார்த்து எழுதுற பிள்ளை இவ. சார்ட்டை எடுத்துத் தலைகீழா மாட்டினேன். மறுபடியும் அதே மேல, வலது, கீழ, கீழ. வரிசையில முன்னாடி நின்னவங்க சொன்னதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கா. ஏண்டின்னு கேட்டா, "கண்ணாடி போட்டா மாப்பிள்ளை வர மாட்டான்னு பாட்டி சொல்லுச்சு மிஸ்." பதிமூணு வயசு. ஜியாமெட்ரி பாக்ஸ்ல சீட்டை ஒளிச்சு வைச்சிருந்தவளும் இவதான்.

அப்போ பஸ்ஸும் கூலியும் மட்டும் காரணம்னு சொல்லவும் எனக்கு மனசு வரல.

---

பழைய_சத்துணவு | 5 நவம்பர், இரவு 8.15

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளா, ஒரு பழைய கதை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டபோது, ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். 1956-இல் காமராசர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அப்போதும் இதே பேச்சு இருந்தது. பெத்தவன் சோறு போட மாட்டானா, அரசாங்கம் எதற்கு என்று டீக்கடையில் என் காதுபடவே கேட்டார்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் மதிய மணி அடிக்கும் முன்பே தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவன் நான்.

இப்போது காலை உணவும் வந்துவிட்டது, 2022 செப்டம்பரில் இருந்து. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மதியச் சாப்பாடு பத்தாம் வகுப்பு வரைக்கும். பதினொன்று, பன்னிரண்டுக்கு இரண்டும் கிடையாது. வயதுக்கு வந்து, விறுவிறுவென்று வளருகிற பருவத்தில்தான் தட்டை வாங்கி வைத்துவிடுகிறோம்.

---

மூணு_பொண்ணு_அம்மா | 5 நவம்பர், இரவு 8.40

ஐயா சொன்னது என் வீட்டுக் கதை. பெரியவ பிளஸ் ஒன். காலையில ஆறே முக்காலுக்குக் கிளம்பணும், ஒரு டீயோட ஓடுறா. நீல மாத்திரை போட்டா குமட்டுதுன்னு பாவாடைப் பையில போட்டுக்கிட்டு வந்துடுவா. துவைக்கும்போது தண்ணி நீலமா வந்துச்சு, அப்பதான் எனக்கே தெரியும்.

நடுப்பொண்ணு மெட்ரிக்ல, இலவச 25 சதவீத இடத்துல சேர்த்தோம். அங்க வண்டியும் வராது, மாத்திரையும் கிடையாது, நாப்கினும் கிடையாது. தனியார் பள்ளின்னா பணக்காரப் பிள்ளைங்கன்னு நினைக்கிறாங்க போல. ஒரே வீடு, ஒரே சோறு. ரெண்டு விதமான கணக்கு.

---

வி_எச்_என்_அக்கா | 5 நவம்பர், இரவு 10.02

கிராம சுகாதார செவிலியர், 19 வருஷ சர்வீஸ். மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இதுல வதந்திதான் அதிகம்.

நீல மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். 10 வயசுல இருந்து 19 வரைக்கும் வாரம் ஒண்ணு. சின்னப் பிள்ளைங்களுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம். வெறும் வயித்துல போட்டா குமட்டும், அது உண்மை. அதனாலதான் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கச் சொல்றோம். சாப்பாடே இல்லாத பிளஸ் ஒன் பொண்ணு என்ன பண்ணுவான்னு அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. டிபன் பாக்ஸ் கொண்டு போறவளா இருந்தா அதைச் சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்கம்மா. டீயோட மட்டும் வேண்டவே வேண்டாம், இரும்பு உடம்புல ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்கா ஏதாவது சேர்ந்தா நல்லது. மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம்.

ஒரு கருத்தைக் கொஞ்சம் மாத்திக்கணும். ரத்தசோகைன்னாலே பொம்பளைப் பிள்ளை வியாதின்னு நினைக்கிறோம். 2019-21 குடும்ப நல ஆய்வுல இந்தியா முழுக்க 15-19 வயசுப் பொண்ணுங்கள்ல 59.1 சதவீதம், பசங்கள்ல 31.1 சதவீதம். பத்துப் பையன்ல மூணு பேர்! பள்ளியில படிக்கிற பையனுக்கு மாத்திரை உண்டு. பள்ளியை விட்ட பொண்ணுக்கு அங்கன்வாடி மூலமா உண்டு. பள்ளியை விட்ட பையனுக்குத் திட்டத்துலயே இடம் இல்ல. எங்க ஊர்ல பதினஞ்சு வயசுல செங்கல் சூளைக்குப் போறவன் அவன்தான், மூச்சு வாங்குதுன்னு வந்து நிக்கிறவனும் அவன்தான்.

நாப்கின் 2012-ல இருந்து தர்றோம், ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. கணக்குப் போட்டா மாசம் ஒன்பது வரும். போதுமான்னு ஆம்பளைங்க யாரும் கேட்டதில்ல. எங்க துணை சுகாதார நிலையத்துல சில மாசம் சரக்கு வராம, வந்ததும் மொத்தமா வரும்.

---

பிளஸ்_டூ_பையன் | 6 நவம்பர், நள்ளிரவு 12.37

எல்லாரும் எங்களைப் பத்திப் பேசுறீங்க, எங்கள்ல யாரும் இங்க இல்ல போல. அதான் அக்கவுண்ட் தொடங்கினேன்.

எங்க பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) சனிக்கிழமை வளரிளம் பருவத்தினர் ஆலோசனைன்னு போர்டு இருக்கு. நான் ஒரு தடவை போனேன். என்ன விஷயம்னு சொல்லல, சொல்ல வேண்டியதும் இல்ல. ஓ.பி. சீட்டு எழுதுற இடத்துல எங்க தெரு அண்ணன். "என்னடா, எதுக்கு?"ன்னு சத்தமா கேட்டாரு. காய்ச்சல்னு சொல்லிட்டேன். பாராசிட்டமால் குடுத்தாங்க. வாங்கிட்டு வந்துட்டேன்.

வண்டி பள்ளிக்கு வந்தப்பவும் அதே கதை. ஒரே க்ளாஸ்ரூம், நடுவுல ஒரு திரைகூட இல்ல. பின்னாடி வரிசையில நாப்பது பேர் நிக்கும்போது தூக்கம் வரல, பயமா இருக்குன்னு எவன் சொல்வான்? "ஏதாவது பிரச்சனை இருக்கா?" "இல்ல சார்." அடுத்த ஆள்.

---

பிஜி_சமூகமருத்துவம் | 6 நவம்பர், காலை 7.10

@பிளஸ்_டூ_பையன், நீங்கள் எழுதியதை என் வழிகாட்டியிடம் காட்டப் போகிறேன் (பெயர் இல்லாமல்). இப்போதைக்கு ஒன்று. ஆள் முகம் பார்க்காமல் பேச 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், நாள் முழுக்க, தமிழில். காசு கிடையாது. 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. தூக்கமும் பயமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள்.

2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் வந்தபோது அதில் எழுதிய ஆறு விஷயங்களில் மனநலமும் ஒன்று, போதைப்பழக்கமும் ஒன்று. தனி அறை, ரகசியம் காப்பது எல்லாம் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் உண்டு. கட்டடத்தில் அறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்ற பயத்தில் பலர் மருத்துவரிடமே போவதில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் காவல்துறையிடம் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இது தெரிந்த பெற்றோரையோ ஆசிரியரையோ நான் இன்னும் சந்திக்கவில்லை.

---

யாழ்_சுகாதாரம் | 6 நவம்பர், காலை 11.26

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில பொதுச் சுகாதாரப் பரிசோதகரா இருக்கிறன். இஞ்ச நடக்கிறதைச் சொன்னால் ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

எங்கட நாட்டில எல்லாப் பிள்ளையளையும் ஒவ்வொரு வருசமும் பாக்கிறேல்ல. தரம் 1, 4, 7, 10 எண்டு நாலு வகுப்பிலதான் வைத்தியப் பரிசோதனை. 200 பிள்ளையளுக்குக் குறைஞ்ச சின்னப் பள்ளிக்கூடமெண்டால் எல்லாரையும் பாப்பம். சுகாதார வைத்திய அதிகாரி வருவா. நாங்கள் முதலே போய் உயரம், நிறை, கண்பார்வை எல்லாம் எடுத்து வைச்சிருப்பம். முக்கியமான வித்தியாசம் என்னெண்டால், குறை இருக்கெண்டு எழுதின பிள்ளையைத் திரும்பப் போய்ப் பாக்கிறது என்ர வேலை. அந்தப் பள்ளிக்கூடம் என்ர பிரிவுக்குள்ள, அந்த வீடும் என்ர பிரிவுக்குள்ள. மோட்டச்சைக்கிளில போற வழியில படலையில நிண்டு "தங்கச்சி கிளினிக்குக்குப் போனவவோ?" எண்டு கேப்பன். பல பள்ளிக்கூட வளவுக்குள்ளயே பல் கிளினிக் இருக்கு, அதால பல்லுக்கு எண்டு சீட்டே தேவையில்லை.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசி 2017 தொடக்கம் தரம் 6 பெண்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்திலயே போடுறம்.

சொர்க்கமெண்டு நினைக்காதேங்கோ. 2022 பொருளாதார நெருக்கடியில மருந்து இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தெரியும். வைத்தியர்மார் வெளிநாடு போனதால வெற்றிடங்கள் கிடக்கு. கண்ணாடி இஞ்சயும் கன பேர் காசு குடுத்துத்தான் வாங்கினம்.

---

வி_எச்_என்_அக்கா | 6 நவம்பர், மதியம் 2.15

@யாழ்_சுகாதாரம் தம்பி, "அந்த வீடும் என்ர பிரிவுக்குள்ள"ன்னு சொன்னீங்களே, அதுலதான் விஷயம் இருக்கு. இங்க வண்டிக்காரங்களுக்கு ப்ளாக் முழுக்கப் பொறுப்பு, வீடு தெரியாது. எனக்கு வீடு தெரியும், ஆனா சீட்டு விவரம் என் கைக்கு வர்றதே இல்ல. என் ஏரியாவுல யார் யாருக்குச் சீட்டு எழுதினாங்கன்னு ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப்ல வந்தாக்கூடப் போதும். கர்ப்பிணி லிஸ்ட் என் விரல் நுனியில இருக்கு, சுகர் பிபி லிஸ்ட், வீடு தேடிப் போய் மாத்திரை குடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததுல இருந்து இருக்கு. அஞ்சு வயசுக்கு மேல, கல்யாணத்துக்கு முன்னாடி, அந்த லிஸ்ட் மட்டும் இல்ல.

ஊசியைப் பத்தி: 2025-26 பட்ஜெட்டுல 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இங்கயும் போடுறதுக்கு 36 கோடி அறிவிச்சாங்க. வந்தா நல்லது. இப்பவே சொல்லி வைக்கிறேன், மலட்டு ஊசின்னு ஒரு வதந்தி கிளம்பும். டீச்சருங்க முன்கூட்டியே பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசிடுங்க.

---

கணக்கு_பார்ப்போம் | 6 நவம்பர், மாலை 4.50

அலட்சியம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த அம்மாகிட்ட மன்னிப்பு.

ஆனா என் அடிப்படைக் கேள்வி இன்னும் நிக்குது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால ஒரு ஆளைப் போட முடியுமா? காசு எங்க இருந்து வரும்? ஆபரேஷனுக்குச் செலவழிக்கிறதைக் குறைச்சுட்டுக் கண்ணாடிக்குப் போடணும்னு சொல்றீங்களா? இதய ஆபரேஷன் ஆன பிள்ளையோட அப்பாகிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா? போன ஆட்சியிலயும் சரி, இந்த ஆட்சியிலயும் சரி...

[மட்டுறுத்துநர்: இதற்குக் கீழே கட்சிச் சண்டையாகப் போன 14 பதில்கள் நீக்கப்பட்டன. கணக்குக்காரர் பதிவின் கடைசி மூன்று வரிகளும். பிள்ளைகள் விஷயம் பேசுவோம்.]

---

பிஜி_சமூகமருத்துவம் | 6 நவம்பர், இரவு 9.33

குறைக்கச் சொல்லவில்லை. கண்ணாடிக்குத் தனியாகப் பணம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் வேடிக்கை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசக் கண்ணாடி, கண்ணொளி காப்போம் திட்டம். பணம் ஒரு துறையில், சீட்டு ஒரு துறையில், பிள்ளை மூன்றாவது துறையில். நடுவில் இருக்கும் தூரத்தை அந்தத் தாய் தன் கூலியைக் கொடுத்து நடக்கிறாள்.

ஆள் போட முடியுமா என்று கேட்டீர்கள். 2017ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் அனைவருக்கும் நலவாழ்வு முன்னோடித் திட்டம் நடத்தினார்கள். பெரிய கட்டடம் எதுவும் இல்லை. துணை சுகாதார நிலையங்களைப் பழுது பார்த்து, செவிலியரை அமர்த்தி, மருந்தை ஒழுங்காக அனுப்பினார்கள். சனம் வர ஆரம்பித்தது. பக்கத்தில் ஆளும் மருந்தும் இருந்தால் போதும் என்பதற்கு நான் தேடிப் போகும் முதல் உதாரணம் அதுதான். பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் பெரும்பாலும் துணை நிலையமும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

---

நடமாடும்_ஃபார்மசிஸ்ட் | 6 நவம்பர், இரவு 10.48

டீச்சர், ஒரு குறுக்கு வழி. உங்க பி.எச்.சி.ல கண் பரிசோதகர் இருப்பாரு. ஆறு பேரை ஜி.எச்.க்கு அனுப்பாதீங்க. பள்ளி முழுக்கக் கண் சீட்டு எத்தனைன்னு எண்ணி, இருபது முப்பது தேறும், எச்.எம். கையெழுத்துல ப்ளாக் மெடிக்கல் ஆபீசருக்கு ஒரு கடிதம் குடுங்க. முப்பது பேருன்னா அவரே பெட்டியைத் தூக்கிட்டுப் பள்ளிக்கு வந்துடுவாரு, அவருக்கும் மாச இலக்கு இருக்குல்ல. ஆறு பேருக்கு வர மாட்டாரு. பவர் எழுதினதும் கண்ணாடி வர ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும். ஃப்ரேம் அளவைக் கேட்டு எழுதச் சொல்லுங்க, இல்லன்னா மூக்குல நிக்காது.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர் | 29 ஜனவரி, இரவு 8.55

பழைய இழையை மேல தூக்குறதுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

பள்ளி முழுக்க எண்ணினேன், 27 கண் சீட்டு. அண்ணன் சொன்ன மாதிரி கடிதம் குடுத்தோம். முதல் தேதி மழையில போச்சு, ரெண்டாவது தேதிக்கு வந்தாரு. நூலக அறையில திரை போட்டு ஒவ்வொருத்தரா உள்ள விட்டோம் (பிளஸ் டூ தம்பி, திரை உன் நினைப்புலதான்). 27ல 19 பேருக்குப் பவர். போன வாரம் 16 கண்ணாடி வந்துச்சு. மூணு இன்னும் வரல.

ஜியாமெட்ரி பாக்ஸ்காரிக்கு ஃப்ரேம் பெருசு. ரெண்டு காதுப் பக்கமும் ரப்பர் பேண்டைச் சுத்தி வைச்சிருக்கா. முதல் நாள் வகுப்புல மட்டும் போட்டா, மணி அடிச்சதும் கழட்டிட்டா. நேத்து மைதானத்துல போட்டுக்கிட்டு நின்னா. பாட்டி என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல.

பல்லு ரெண்டும் அப்படியே இருக்கு. அதுக்கு வழி கிடைக்கல.

நெஞ்சுச் சத்தப் பையனோட அப்பா பொங்கலுக்கு ஊருக்கு வந்தாரு. வீட்டுக்கே போய்ப் பேசினேன். ஜி.எச்.ல பார்த்துட்டு எக்கோவுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிட்டாங்க. மறுபடியும் ஒரு சீட்டு. அப்பா திரும்ப பெங்களூரு போயாச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அங்க யாரைப் பார்க்கணும், எந்த அறைன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

---

நடமாடும்_ஃபார்மசிஸ்ட் | 29 ஜனவரி, இரவு 9.20

செவ்வாய் நல்ல நாள்தான். ஆஸ்பத்திரி வளாகத்துலயே ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், நேரா அங்க போகச் சொல்லுங்க, ஓ.பி. வரிசையில நிக்க வேண்டாம். உங்க மாவட்ட மையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, சொல்லி வைக்கிறேன். காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கையோட எடுத்துட்டுப் போகட்டும். பையன் பேரு வேண்டாம். ஆகஸ்ட் சீட்டுல இருக்குற நம்பரை மட்டும் தனிச் செய்தியில அனுப்புங்க.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர் | 29 ஜனவரி, இரவு 9.31

அனுப்பிட்டேன். நம்பர்ல கடைசி எழுத்து 3-ஆ 8-ஆன்னு தெரியல, மடிப்புல அழிஞ்சிருக்கு. ரெண்டையும் எழுதியிருக்கேன்.